எங்கே என்று கேட்காத வீடு

அத்தியாயம் 14

"சாயங்காலம் கெளம்பறேன்மா."

அக்ஷயா சொன்னது அவ்வளவுதான். தட்டில் இடியாப்பம்போலப் பிழிந்திருந்த சந்தவை மேல் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சரி கண்ணு" என்றாள் வசந்தாமணி. அவள் சொன்னதும் அவ்வளவுதான்.

பெற்றவள் கேட்பதற்குக் கேள்வியா இல்லை? எங்கே போகிறாய், எதற்கு வந்தாய், கட்டினவனோடு சண்டையா, மாமியார் ஏதாவது சொன்னாளா? எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. வசந்தாமணி வழக்கம்போல அவற்றை விழுங்கிவிட்டு கார்ச்சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஆடி முடிகிற சமயத்தில் ஒரே ஒரு பையோடு வடவள்ளி வீட்டு வாசலில் வந்து இறங்கிய பெண் இவள். பல்லடத்தில் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை மிதுன் வீட்டில் தறிக்கூடம், கோழிப்பண்ணை, வாசலில் இரண்டு கார், எதற்கும் குறைவில்லை. "ஆடிக்கு வந்திருக்கறா" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வைத்தாள் வசந்தாமணி. ஆவணி பிறந்து முகூர்த்தக் கூட்டம் ரோட்டை அடைக்க ஆரம்பித்துவிட்டது. பெண் போகவுமில்லை, மாப்பிள்ளை வரவுமில்லை. பக்கத்து வீட்டுக்குச் சொல்ல அவளிடம் அடுத்த மாசத்துக்குப் பொய் இல்லை.

வாயைத் திறந்து கேட்டால்தான் என்ன என்று நீங்கள் வாரா வாரம் கோபித்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் வசந்தாமணி ஒரு காலத்தில் கேட்டவள்தான். மூன்று வருஷத்துக்கு முன், ஒரு காலை வேளையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவர் கிருபாசங்கரை, "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று சமையல்கட்டிலிருந்து கேட்டாள். "சத்தி ரோட்டுல ஒரு எடம் பாக்கத்தான்" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று மத்தியானம் அவரை ஆம்புலன்சில் கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி.

துக்க வீட்டில் நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி அழுதாள். "கெளம்பறவனைப் போயி எங்கேன்னு கேட்டிருக்கறாளே!"

வசந்தாமணி சிவில் இன்ஜினீயர். நெஞ்சுவலிக்கும் ஒரு கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அன்றைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து கிளம்பிய யாரையும் அவள் எங்கே என்று கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைத்தான் பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து கிழக்கே போகிற நெடுஞ்சாலையில் வருகிற வண்டிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற கணக்கெடுப்பு. புது பைபாஸ் எங்கே ஆரம்பித்து எங்கே முடியவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதற்கு கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்து ஆள் நிறுத்தி வேலை வாங்குவது அவள் பொறுப்பு.

*

சூலூரைத் தாண்டும்போது ஹைதராபாத் ஹெட் ஆபீசிலிருந்து போன் வந்தது. வரைபடம் போடுகிற பையன் பேசினான்.

"மேடம், அங்கே 'தூரம்' என்று ஒரு ஊர் இருக்கிறதா? எந்த மேப்பிலும் கிடைக்கவில்லை."

"தூரமா?"

"ஆமாம் மேடம். பாதி வண்டிகள் அங்கேதான் போகின்றன. மீதிப் பாதி 'பக்கம்' என்கிற ஊருக்குப் போகின்றன."

வசந்தாமணி காரை ஓரம் கட்டிவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியான விவரம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பையன் போனை வைத்தான்.

காரணம்பேட்டைக்கு முன்னால், சாலையோரப் பந்தலின் கீழ் பாலுசாமி நின்றுகொண்டிருந்தார். கல்யாண மண்டபங்களுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். பந்தி பரிமாற, வாசலில் பன்னீர் தெளிக்க, சந்தனம் நீட்ட எல்லாவற்றுக்கும் அவரிடம் ஆள் உண்டு. சுங்கச்சாவடியில் வண்டி எண்ணுகிற வேலையும் எடுத்துச் செய்திருக்கிறார். சென்னையிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று போட்டிக்கு வந்தபோது, "வண்டியை நிறுத்திக் கேக்கற எடத்துல வாய் மரியாதைதான் முக்கியம், உள்ளூர் ஆளுங்களே இருக்கட்டும்" என்று ஹெட் ஆபீசோடு மல்லுக்கட்டி இவரைக் கொண்டு வந்தவள் வசந்தாமணிதான்.

மரியாதை கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது.

"ஏனுங்க பாலுசாமி, எங்க போறீங்கன்னு கேக்கச் சொன்னா, என்னத்தைக் கேட்டு வெச்சிருக்கீங்க?"

"தூரமுங்களான்னு கேட்டோமுங்க மேடம்."

"எதுக்குங்க?"

பாலுசாமி தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கெளம்பி ரோட்டுக்கு வந்துட்டவங்களைப் போயி எங்கேன்னு எப்பிடிங்க கேக்கறது? கல்யாணத்துக்குப் போவாங்க, ஆசுபத்திரிக்குப் போவாங்க. நம்ம புள்ளைங்களுக்கு வாய் வருமுங்களா? 'தூரமுங்களா'ன்னு கேட்டா அவங்களுக்கும் சங்கட்டமில்ல, நமக்கும் பாவமில்ல. நாந்தான் அப்பிடிக் கேக்கச் சொன்னேனுங்க."

வசந்தாமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொந்தப் பெண்ணிடமே கேட்க வாய் வராதவள் எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது?

"எங்கிருந்து வாரீங்கங்கறதை ஒழுங்காக் கேட்டீங்களா?"

"அதுல என்னங்க இருக்குது? அதெல்லாம் சுத்தமாக் கேட்டாச்சுங்க. எங்கிருந்து வந்தீங்கன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"இன்னைக்கு மறுபடியும் மொதல்ல இருந்து எடுக்கறோம். எங்க போறீங்கன்னே கேக்கோணும். வேற வழியில்ல."

பாலுசாமி "ஆகட்டுங்க" என்றார். அவர் முகம் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

*

புதுசாகச் சேர்ந்த ஹாரிகாதான் முதலில் மாட்டினாள். பீளமேட்டுக் கல்லூரியில் படிக்கிற பெண். ஆரஞ்சு ஜாக்கெட் முழங்கால் வரை தொங்க, கையில் டேப்லெட்டோடு, போலீஸ்காரர் நிறுத்திய வெள்ளைக் காரின் ஜன்னலில் குனிந்தாள். மேடம் பார்க்கிறார்களே என்ற பயத்தில் கணீரென்று கேட்டாள்.

"எங்கீங்க போறீங்க?"

காருக்குள் பேச்சு நின்றது. மடியில் பழத்தட்டும் மல்லிகைப்பூப் பொட்டலமுமாக நாலைந்து பேர். ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் இறங்கினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"பொண்ணு பாக்கப் போறோமுங்க அம்மணி" என்றார் மெதுவாக. "ரெண்டு வருசமாத் தேடி இப்பத்தான் ஒரு எடம் கூடி வருது. இப்பிடிக் கேட்டுப்போட்டீங்களே."

ஹாரிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாலுசாமி ஒரே ஓட்டமாக ஓடி வந்தார். "வாங்க வாங்க, எல்லாரும் எறங்கி வாங்க. சித்தெ உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க, சரியாப் போயிரும்." பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நொடியில் விரிந்தன. கல்யாண கான்ட்ராக்டர் இல்லையா? தண்ணீர் செம்பு கைக்குக் கை மாறியது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

மாப்பிள்ளைப் பையன் மட்டும் குனிந்தே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள்ளிருந்து அப்போதுதான் புறப்படுகிற மாதிரி அவர்கள் எழுந்து, சாமியைக் கும்பிட்டு, காரில் ஏறினார்கள். பெரியவரோடு வந்த அம்மாள் ஜன்னல் வழியாக ஹாரிகாவின் கன்னத்தைத் தட்டி, "இப்பக் கேக்காத கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வசந்தாமணி அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு போகலாம். இவ்வளவுதான் பரிகாரம். கிருபாசங்கர் அன்று அவள் கூப்பிட்டும் உட்காரவில்லை. "தண்ணியெல்லாம் எதுக்கு, நேரமாச்சு" என்று போய்விட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரமாவது அவர் உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கேள்வியை மாற்றாமல் காரியம் ஆகாது. அடுத்த வண்டியை அவளே போய்க் கேட்டாள். நூல்மூட்டை ஏற்றிய லாரி.

"அண்ணா, வணக்கமுங்க. இந்த ரோட்டை எந்த ஊரு வரைக்கும் நல்லாப் பண்ணிக் குடுத்தா உங்களுக்குச் சௌகரியமுங்க?"

டிரைவர் பீடியைக் கீழே போட்டார். "கேட்டீங்களே ஒரு கேள்வி! கரூர் வரைக்கும் பண்ணிக் குடுங்க அம்மணி. நான் தெனம் போறவன்."

பாலுசாமி கைதட்டவே செய்துவிட்டார். அதற்குப் பிறகு பதில்கள் வந்து கொட்டின. திருச்சி வரைக்கும் என்றார்கள், வெள்ளகோவில் வரைக்கும் என்றார்கள். முட்டை ஏற்றிப் போன ஒருவர், ரோடு தன் பண்ணை வாசல் வரைக்கும் வரவேண்டும் என்று வழியும் சொன்னார். ஸ்கூட்டரில் தனியாக வந்த ஓர் அம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"பல்லடம் இருந்தாப் போதுங்க. அதுக்கு மேல எனக்கு ஆரும் இல்லீங்க."

வசந்தாமணி பல்லடம் என்று குறித்துக்கொண்டாள். அந்த அம்மாள் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்ஷயாவும் சாயங்காலம் இந்த வழியாகத்தானே போவாள்? ஏதாவது ஒரு வாடகைக் காரில், பையை மடியில் வைத்துக்கொண்டு? இங்கேயே நின்றால் பார்த்துவிடலாம்.

ஊரார் கார் ஜன்னலில் எல்லாம் குனிந்து கேட்டாயிற்று. பெற்ற பெண்ணையும் போலீஸ்காரரை விட்டு நிறுத்தி, நடுரோட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டுமா? வசந்தாமணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"பாலுசாமி, பாத்துக்குங்க. நான் ஊட்டுக்குப் போறேன்."

"என்னாச்சுங்க மேடம்? ஒடம்புக்கு முடியலீங்களா?"

"இல்லீங்க. புள்ள கெளம்பறா."

"தூரமுங்களா?" என்றார் பாலுசாமி, பழக்க தோஷத்தில். வசந்தாமணிக்குப் பதில் தெரியவில்லை.

*

வடவள்ளி வந்து சேர்வதற்குள் நகரத்தின் எல்லா சிக்னலும் அவளுக்கென்றே சிவப்பாக நின்றது. தெருவில் திரும்பும்போதே வாசலில் வாடகைக் கார் நிற்பது தெரிந்தது. டிரைவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்ஷயா செருப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள். அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க முயற்சி செய்தாள்.

"நீ வர நேரமாகும்னு நெனச்சேன். சாவியைப் பக்கத்து ஊட்ல குடுக்கலாம்னு இருந்தேன். வாரேன்மா."

படியில் வசந்தாமணி. மேலே அவள் பெண். நடுவில் இரண்டு படி. இப்போதும் "சரி கண்ணு" என்று ஒதுங்கி நின்றால் கார் போய்விடும். கதவைத் திறந்து உள்ளே போய், யாராவது பேசுகிற சத்தம் இருக்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு, ஒருத்திக்கு மட்டும் அரிசி களைய வேண்டும். இரண்டு வருஷமாகச் செய்வதுதானே?

வசந்தாமணி ஒதுங்கவில்லை. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கண்ணு போறே?"

அக்ஷயா கதவிலிருந்து கையை எடுத்தாள். நம்ப முடியாமல் அம்மாவைப் பார்த்தாள். அப்பா போன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத வார்த்தை அது என்று அவளுக்கும் தெரியும்.

"நீயாம்மா கேட்டே?"

"நாந்தான். கேட்டுப்போட்டேன். இனி உள்ள வந்து உக்காந்து, தண்ணி குடிச்சுட்டுத்தான் கெளம்போணும். வா."

அக்ஷயா செருப்பைக் கழற்றினாள். சோபாவின் நுனியில், ஒறம்பரை வீட்டில் விருந்தாளி உட்காருவதுபோல உட்கார்ந்தாள். வசந்தாமணி தண்ணீரைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். பெண் அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காந்திபுரம் பஸ் ஸ்டாண்டும்மா" என்றாள் கடைசியில்.

"பல்லடம் பஸ்ஸு சிங்காநல்லூர்லதானே நிக்கும்?"

"பல்லடத்துக்குப் போகல."

"அப்ப காந்திபுரத்துல இருந்து எங்க?"

"தெரியலம்மா. அங்க போயி எந்த பஸ்ஸுல எடமிருக்குதோ அதுல ஏறிக்கலாம்னு இருந்தேன். ஆராச்சும் எங்க போறேன்னு கேட்டாத்தானே நானும் யோசிக்கறதுக்கு?"

வசந்தாமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்று கேட்டாயிற்று. இனி மற்றதுக்கு என்ன பயம்? விழுங்கி வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

"பல்லடத்துல என்ன கண்ணு ஆச்சு? ஆடியில எதுக்கு அங்கிருந்து பையைத் தூக்கீட்டு வந்தே?"

அக்ஷயா தண்ணீரைக் குடித்தாள். முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"நான் பல்லடத்துல இருந்து வரலம்மா."

"என்ன சொல்றே?"

"சித்திரை கடைசியிலயே அங்கிருந்து வந்துட்டேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. இருவரும் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கெழமையானா போன்ல பேசுவியே" என்றாள் வசந்தாமணி.

"பேசினேன். பின்னாடி தறிச் சத்தமே கேக்கலையேன்னு கேட்டுருவியோன்னு பயமா இருக்கும். கொஞ்ச நாளைக்கு அப்பறம், கேக்க மாட்டியான்னு இருந்துச்சு."

"ஆடிப் பதினெட்டன்னைக்கு மாப்பிள்ளை நம்பருக்குப் போன் பண்ணினேனே? அக்ஷயா தூங்கறா அத்தைன்னு மாப்பிள்ளை சொன்னாரே?"

"அவரு எதுக்கு அப்பிடிச் சொன்னாருங்கறதை அப்பறம் சொல்றேன். இப்ப என்னால முடியாதும்மா."

மாப்பிள்ளை எதை மறைக்கிறார் என்று கேட்கத்தான் வசந்தாமணி வாய் எடுத்தாள். வந்தது வேறு.

"அத்தனை மாசமா எங்க கண்ணு இருந்தே?"

"பீளமேட்டுல. உன்ற ஆபீசுக்குப் பின்தெருவுல லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதில்ல, அங்க. ரெண்டாவது மாடி. ஜன்னல்ல நின்னா நீ பொழுது சாயக் காரை எடுக்கறது தெரியும். தெனமும் பாத்துட்டுத்தான் சாப்பிடப் போவேன்."

வசந்தாமணி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்ஷயா அந்தக் கையைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒரு நாள் நீ கார்ல ஏறி ஸ்டார்ட்டே பண்ணாம உக்காந்திருந்தே. எல்லாரும் போயிட்டாங்க, வாட்ச்மேன் லைட்டைக்கூடப் போட்டுட்டான். நீ அப்பிடியே ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறே. எறங்கி ஓடியாந்துரலாம்னு மாடிப்படி வரைக்கும் வந்தேன்மா. வந்தா எதுக்கு உக்காந்திருக்கறேன்னு உன்னைக் கேக்கோணுமே. நம்ம ஊட்லதான் ஆரும் எதையும் கேக்க மாட்டமே. திரும்பி மேல போயிட்டேன்."

வசந்தாமணிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வீட்டுக்குப் போனால் யாரும் இருக்க மாட்டார்களே என்றுதான் அன்றைக்கு அவள் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.